சாம்பல் மேட்டில் ஒரு வழக்கு

நம் வகுப்பில் படித்துவந்த சிறுவன் ஒருவன், மூன்றே நாள் காய்ச்சலில் மாண்டுபோனான். வயது பதினொன்று. கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை. துக்கம் கேட்கச் சென்ற நாம், முற்றத்தில் போட்டிருந்த விசுப்பலகையின் ஓரத்தில் அமர்ந்திருந்தோம். உள்ளே சுவரில் சாய்ந்தபடி அவன் தாய். அழுது முடித்த கண்கள். அவிழ்ந்த கூந்தலை முடியவும் நினைவில்லை. உபதேசியார் வந்தார். நல்லவர், அந்த வீட்டுக்கு நாள்தோறும் வந்து போனவர். வேதப் புத்தகத்தைத் திறந்து, "யோபு பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தாரே அம்மா, ஒரு வார்த்தை முணுமுணுத்தாரா? கர்த்தர் எல்லாம் நன்மைக்கே செய்வார்; பொறுத்துக்கொள்" என்றார்.

அந்த அம்மையார் தலையசைத்தார். வேறென்ன செய்வார்?

உபதேசியார் எழுந்துபோன பின் முதியவர் ஒருவர், நம் காதில் விழும் அளவுக்கு மெல்லப் பேசினார்: "எங்கோ ஒரு குறை இருந்திருக்கும், ஆண்டவர் சும்மா அடிப்பாரா?" பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த மூதாட்டி கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்கு அல்ல, மாரி கோயிலுக்கு. அவரும் ஆமோதித்தார். "போன பிறவியில் என்ன வினை செய்தாளோ!" மதம் இரண்டு, மொழிந்த மொழி ஒன்றே. வேறு எந்த மேடையிலும் ஒத்துப்போகாத இரு சமயங்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு எளிதாக ஒத்துப்போகின்றன, பார்த்தீர்களா?

வீடு திரும்பிய இரவு, யோபு நூலை எடுத்து விரித்தோம். நாம் கிறித்தவர் அல்லர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர், விவிலியத்தில் இதைவிடச் சிறந்த கவிதை இல்லை என்று கூறிப் படிக்கச் சொன்ன நூல் அது. அன்று தேர்வுக்காகப் படித்தோம். இந்த இரவு வேறு தேவை. விடியும் முன் முழுவதும் படித்து முடித்தபோது நமக்கு எழுந்தது வியப்பன்று, கோபம். நாற்பத்திரண்டு அதிகாரம் கொண்ட நூலில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மக்களிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்ற கோபம்!

கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். ஊத்ஸ் என்னும் நாட்டில் யோபு என்றொரு நேர்மையாளன். ஆடு 7,000, ஒட்டகம் 3,000, ஏர்மாடு 500 இணை, பெண்கழுதை 500, மகன்மார் எழுவர், மகளிர் மூவர். வானுலக அவையில் குற்றம் சாட்டுவோனாகிய சாத்தான், "இவன் பயன் கருதியன்றோ பக்தி செய்கிறான்? கொடுத்ததைப் பறித்துப் பாரும்" என்ற கருத்தில் இறைவனிடம் வாதாடுகிறான். பந்தயம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஒரே நாளில், ஒரு தூதன் பேசி முடிக்குமுன் மற்றொருவன் என நால்வர் ஓடிவருகின்றனர். மாடு போயிற்று, ஆடு எரிந்தது, ஒட்டகம் கொள்ளையாயிற்று, இறுதியில், வீடு இடிந்து பிள்ளைகள் பதின்மரும் மாண்டனர். பின்னர் உள்ளங்கால் முதல் உச்சி வரை கொப்புளம். ஓட்டுத்துண்டால் சொறிந்தபடி சாம்பலில் உட்காருகிறான் யோபு. இதுவரையில் அவன் வாய்திறந்து குறைகூறவில்லை என்பது உண்மை. உபதேசியாரின் யோபு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறான்.

அவன் மனைவிக்கு எபிரேய மூலத்தில் ஒரே ஒரு பேச்சுத்தான். கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துத் தொலை என்பது அதன் பொருள். அந்த ஒரு வரிக்காக நூற்றாண்டு நூற்றாண்டாக அவளைப் பேய் என்றும் சாத்தானின் துணை என்றும் ஏசிவந்தனர் உரைகாரர் பலர். பத்துப் பிள்ளைகளையும் பெற்றவள் அவள் அல்லளோ? பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்க்கு இந்த இரக்கம் இருந்திருக்கிறது. மூலத்தில் இல்லாத நீண்ட புலம்பல் ஒன்றை அவள் வாயில் அப்பெயர்ப்பு வைக்கிறது. வீண் வேதனையாகிப்போன பிள்ளைப்பேற்றையும், கூலிக்கு வீடு வீடாய் அலையும் அலைச்சலையும், பொழுது எப்போது சாயும் என்று காத்திருக்கும் களைப்பையும் அவள் சொல்கிறாள். எந்த நூலிலும் பெண்ணுக்குக் குரல் கொடுக்க ஒருவர் பின்னால் வந்து சேரவேண்டியிருக்கிறது!

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வருகின்றனர். யோபின் கோலங்கண்டு கதறி, ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவனோடு பேசாமல் உட்காருகின்றனர். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றே.

மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய்திறக்கிறான். உரைநடை நின்று கவிதை தொடங்குவதும் இங்கேதான். பொறுமையின் திருவுருவம் என்று போற்றப்பட்டவன் முதலில் பேசுவது என்ன? தான் பிறந்த நாளைச் சபிக்கிறான்! அந்த நாள் ஆண்டுக் கணக்கிலிருந்தே அழிந்துபோகட்டும் என்கிறான். இதன்பின் ஏறத்தாழ முப்பது அதிகாரங்களுக்கு அவன் ஓயவில்லை. எனக்கும் கடவுளுக்கும் நடுவே இருவர் தோளிலும் கைவைக்கும் நடுவர் இல்லையே என்று ஏங்குகிறான். அவருடைய இருக்கை எங்கே என்று தெரிந்தால் நேரே போய் வழக்குரைப்பேன் என்கிறான். சொல்லெல்லாம் நீதிமன்றச் சொல்: வழக்கு, சாட்சி, குற்றப்பத்திரம், கையொப்பம். சாம்பல் மேட்டில் உட்கார்ந்து விண்ணின் மீது வழக்குத் தொடுக்கிறான் ஒரு தொழுநோயாளியை ஒத்த மனிதன். 'முணுமுணுத்தாரா?' என்று கேட்டார் உபதேசியார். முணுமுணுக்கவில்லைதான், முழங்கினான்!

நண்பர்களின் வாதம் நமக்குப் பழக்கமானது. கடவுள் நீதிமான், நீதிமான் குற்றமற்றவனைத் தண்டியார், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ குற்றவாளி. எவ்வளவு ஒழுங்கான வாய்பாடு! அதில் ஓட்டை விழக்கூடாது என்பதற்காக, எதிரே அழுகிக்கொண்டிருக்கும் மனிதனையே பொய்யனாக்கத் துணிகின்றனர். தொடக்கத்தில் நயமாகப் பேசிய எலிப்பாஸ், 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது இல்லாத குற்றங்களைக் கற்பித்துப் பட்டியலிடுகிறான்: நீ ஏழையின் ஆடையை ஈடு பிடித்தாய், தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுத்தாய், விதவையை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று. நூலின் முதல் வரியிலேயே யோபு குற்றமற்றவன் என்று படித்த நமக்குத் தெரியும், அத்தனையும் பொய். கொள்கையைக் காக்க நண்பனைக் கொல்லும் கல்விமானை உலக இலக்கியத்தில் இவ்வளவு துல்லியமாகத் தீட்டிய புலவன் வேறொருவன் உண்டா என்பது ஐயமே. கர்மம் என்ற சொல் அவர்கள் நாட்டில் இல்லை. கணக்கு மட்டும் அதேதான். நாம் முற்பிறவியில் எழுதிய கடனை அவர்கள் இப்பிறவியிலேயே எழுதிவிட்டார்கள்.

கிறித்தவ அன்பர்கள் இதை நாத்திகக் குத்தல் என்று கொள்ளவேண்டா. அவர்கள் வணங்கும் ஏசுவே இந்த வாய்பாட்டை மறுத்திருக்கிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்லர் என்றார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, மற்றவர்களினும் அவர்கள் பெரிய பாவிகளோ என்று கேட்டு, அல்லர் என்று தாமே விடையும் கூறினார் (லூக்கா 13). சிலுவையில் தொங்கியபோது ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கேட்டார் என மத்தேயுவும் மாற்கும் எழுதிவைத்திருக்கின்றனர். கேட்ட கேள்விக்கு அந்த இடத்தில் விடை வந்ததாக இருவரும் எழுதவில்லை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் எலிப்பாசின் பாடத்தை ஒப்புவிக்கிறார்களே!

நாம் பெரிதும் போற்றும் பகுதி 24ஆம் அதிகாரம். தன் புண்ணைச் சொறிந்துகொண்டிருந்தவன், திடீரென்று தன்னை மறந்து பிறரைப் பார்க்கிறான். எல்லைக் கல்லைத் தள்ளிப்போட்டு நிலம் திருடுவோர், அநாதையின் கழுதையை ஓட்டிச் செல்வோர், விதவையின் மாட்டை ஈடு பிடிப்போர் ஒரு பக்கம். குளிருக்குப் போர்வையின்றிப் பாறையை அணைத்துக்கொள்ளும் ஏழைகள் மறுபக்கம். அவர்கள் பசியோடு பிறன் கதிர்க்கட்டைச் சுமக்கின்றனர். தாகத்தோடு பிறன் திராட்சை ஆலையை மிதிக்கின்றனர். இவர்கள் கூக்குரல் ஏன் கேட்கப்படவில்லை என்பதே யோபின் கேள்வி. நூல் எழுந்த காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டுக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பர் ஆய்வாளருள் பெரும்பாலோர். அந்தக் காலத்திலேயே ஒருவன், தன் துயரத்தை ஏணியாக்கி உழைப்பாளர் துயரத்தைக் கண்டிருக்கிறான்! பெரு நாட்டு லீமா நகரின் ஏழை மக்களிடையே பணியாற்றிய கத்தோலிக்கக் குரு குஸ்தாவோ குத்தியேரெஸ், 1986இல் யோபைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் திருப்பத்தைத்தான் மையமாகக் கொண்டார். மாசற்றவர் துன்புறும்போது கடவுளைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. மாளிகைப் பேராசிரியர்களுக்குப் புலப்படாத யோபு, சேரியில் இருந்தவருக்குப் புலப்பட்டான்.

31ஆம் அதிகாரத்தில் இன்னொன்று உண்டு. தன் நேர்மையை ஆணையிட்டு உரைக்கும் யோபு, தன் அடிமையும் பணிப்பெண்ணும் தன்மீது வழக்குத் தொடுத்தபோது அதை அசட்டை செய்ததில்லை என்கிறான். காரணம்? தன்னையும் அவர்களையும் கருவில் உருவாக்கியவர் ஒருவரே. அடிமையை வைத்திருந்தவன்தான்; அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அடிமைக்கும் வழக்குரிமை உண்டென்று ஒப்பியவனுக்கே, ஆண்டவன்மீது வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று புலவன் கருதினான் போலும்.

இனி, நம்பிக்கை என்ற சொல்லுக்கு வருவோம். உயிரைப் பறித்தாலும் இறைவனையே நம்புவேன் என்னும் பொருள்பட 13ஆம் அதிகாரத்தில் ஒரு வரி இருப்பதாகப் போதகர்கள் எடுத்துக்காட்டுவர். 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு அப்படித்தான் கூறுகிறது; தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பும் அவ்வழியே சென்றது. எபிரேயத்திலோ அந்த இடத்தில் ஒரு சிக்கல். 'லோ' என்று ஒலிக்கும் சொல் இரண்டு. ஓர் எழுத்தே வேறுபாடு. ஒன்று 'அவருக்கு' எனப் பொருள்படும், மற்றது 'இல்லை'. ஏட்டில் எழுதப்பட்டிருப்பது 'இல்லை'. ஓதும்போது 'அவருக்கு' என்று கொள்க என்பது ஓரக்குறிப்பு. எழுதியபடி படித்தால், அவர் என்னைக் கொல்லப்போகிறார், எனக்கு நம்பிக்கை இல்லை என்றாகிறது. 1952இல் வந்த திருத்திய ஆங்கிலப் பெயர்ப்பு இதையே ஏற்றது. இரண்டில் எது சரி?

நமக்குத் தோன்றுவது இது. எப்படிப் படித்தாலும் அந்த வரியை அடுத்து வருவது, என் வழக்கை அவர் முகத்துக்கு எதிரே வாதிப்பேன் என்ற உறுதி. நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு யாரிடம் வாதாடப் போகிறான்? அவரிடமே! பிறர்மேல் நம்பிக்கை அற்றவன் வாசலைத் தட்டமாட்டான். நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசினர்; கடவுளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. யோபு ஒருவனே அவரை விளித்து, 'நீர்' என்று முகம் பார்த்துப் பேசினான். வசையாகவே இருக்கட்டும், உறவு அறுந்தவனிடம் வசை பிறப்பதில்லை என்பது நம் வீடுகளிலும் தெரிந்ததுதானே.

இந்த இடத்தில் நம் மக்கள் நன்கறிந்த அரிச்சந்திரன் கதையை அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தொடக்கம் ஒன்றுபோல் இருக்கிறது. அங்கும் வானவர் அவை. வசிட்டனுக்கும் விசுவாமித்திரனுக்கும் வாதம். நடுவில் பலியாகிறவன் மண்ணுலகத்து மனிதன். நாட்டை இழந்தான், மனைவியையும் மகனையும் விற்றான், காசியில் சுடலை காத்தான். கூத்தில் மயான காண்டம் நடக்கையில் கண்கலங்காத தாய்மார் இல்லை. ஆனால் இத்தனைக்கும் அரிச்சந்திரன் ஒருமுறையேனும் மேலே பார்த்து, "என்னை வைத்து ஏன் சூதாடினீர்கள்?" என்று கேட்டதுண்டா? மனைவியை வெட்ட வாளை ஓங்குகிறான். வாளை ஏந்தச் சொன்னவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாய்மைக்கு அவன் காவலன், ஐயமில்லை. கேள்விக்கு இடமில்லாத வாய்மை அது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு யோபின் குரல் அதிர்ச்சி தருவது இயல்பே. யோபிடம் பந்தயச் செய்தியைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் அதிகாரத்துக்குப் பின் சாத்தான் நூலில் தலைகாட்டவே இல்லை.

எலிகூ என்னும் இளைஞன் நடுவே புகுந்து ஆறு அதிகாரம் பேசுகிறான். பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி என்பர் பலர். சேர்த்திராவிட்டாலும் குறையில்லை.

பிறகு பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். இங்கே நமக்கு மனநிறைவு இல்லை என்பதை ஒளியாமல் கூறுகிறோம். ஏன் என்று கேட்டவனிடம், உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கிருந்தாய் என்று திருப்பிக் கேட்பது விடையாகுமா? பெற்ற பிள்ளையைப் புதைத்தவளிடம் போய் தீக்கோழியையும் போர்க்குதிரையையும் பற்றி யார் பேசுவது? வல்லமையைக் காட்டி வாயடைப்பது மன்னர் வழக்கம்; நீதிபதியின் வழக்கமன்று. இப்படித்தான் முதலில் எண்ணினோம். மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த நீண்ட பேச்சில் யோபின் பாவம் என்று ஒன்றுமே சுட்டப்படவில்லை! நண்பர்களின் கணக்கேட்டைக் கடவுள் கையாலும் தொடவில்லை. மாறாக, மனிதர் எவரும் இல்லாத பாலைநிலத்தில் மழை பொழிவதைப் பற்றிப் பேசுகிறார். யார் நன்மைக்குக் கூலி அந்த மழை? எவருடைய தீமைக்குத் தண்டனை அந்தப் பாலை? பரிசும் தண்டனையும் அளந்துபோடும் கடையன்று இவ்வுலகம் என்பது அவ்வரிகளின் உட்கிடை. ஏன் என்பதற்கு விடை இல்லை; உன் குற்றத்தால்தான் என்ற பொய் மட்டும் நொறுங்குகிறது. துக்க வீட்டில் அது சிறு உதவியன்று.

நூலின் உச்சம் அதன்பின் வருகிறது. யாரும் அதை மேடையில் படித்து நாம் கேட்டதில்லை. கடவுள் எலிப்பாசை நோக்கி, உன்மீதும் உன் நண்பர் இருவர்மீதும் சினம் கொண்டேன் என்கிறார். காரணம், யோபு பேசியதுபோல் அவர்கள் அவரைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லையாம்! கடவுளுக்காக வாதாடியவர்கள் குற்றவாளிகள். கடவுளோடு வாதாடியவன் சரியாகப் பேசியவன். எந்தச் சமய நூலும் தன் பூசாரிகளின் கன்னத்தில் இவ்வளவு ஓங்கி அறைந்ததாக நமக்குத் தெரியவில்லை. 1791இல் காண்ட் என்னும் செர்மானிய மெய்யியலார் எழுதிய கட்டுரை ஒன்றிலும் இது வருகிறது. நண்பர்கள் மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முகத்துதி செய்தனர். யோபோ எண்ணியதை எண்ணியவாறு சொன்னான். நாணயமே அங்கு வென்றது என்பது அவர் கருத்து. மூவரும் பிழைக்கவேண்டுமானால் யோபே அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு.

யாக்கோபின் மடல் யோபின் பொறுமையைப் புகழ்கிறது. அங்கே நிற்கும் கிரேக்கச் சொல்லுக்கு, அடங்கிக் கிடத்தல் என்பதைவிட, அகலாமல் தாங்கி நிற்றல் என்பதே பொருத்தமான பொருள். அப்படிக் கொண்டால் நமக்கு மறுப்பில்லை. நிலக்கிழானும் ஆலை முதலாளியும் கூலி கேட்பவனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமைக்கு மட்டும் யோபைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அவன் வந்தால் 24ஆம் அதிகாரத்தைப் படித்துவிடுவான்.

முடிவு மீண்டும் உரைநடை. ஆடு 14,000, ஒட்டகம் 6,000, ஏர்மாடு 1,000 இணை, கழுதை 1,000. எல்லாம் இருமடங்கு. பயன் கருதாத பக்தியை நிறுவ எழுந்த நூல், பயனைக் கூட்டிக் கொடுத்து முடிவதைப் புலவனின் தடுமாற்றமென்றே கொள்கிறோம். பழங்கதையின் முடிவை மாற்ற அவனுக்குத் துணிவு வரவில்லை போலும். அதில் ஒளிவிடும் செய்தி ஒன்று உண்டு. புதிதாய்ப் பிறந்த மகளிர் மூவருக்கும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் எனப் பெயர் தரப்படுகிறது, மகன்மாருக்குப் பெயரில்லை. அம்மகளிர்க்குச் சகோதரரோடு சொத்தில் பங்கும் கொடுத்தான் யோபு. மகன் இல்லாதபோதுதான் மகளுக்குச் சொத்து என்பது மோசேயின் சட்டம். செங்கற்பட்டில் 1929இல் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்து, 1989 வரை காத்திருந்து சட்டமாகக் கண்ட நமக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

இன்னொன்று. ஆடுமாடுகள் இருமடங்கான கணக்கில் பிள்ளைகள் மட்டும் பழையபடி எழுவரும் மூவரும்தான். இருபதாகவில்லை. அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் உயிர்பெற்று எழுகிறான்; யோபின் பிள்ளைகள் எழவில்லை. இறந்த பதின்மரைப் பற்றி நூல் ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்துபோகிறது.

அந்தச் சிறுவன் வீட்டுக்குப் பதினாறு நாள் கழித்து மறுபடி சென்றோம். உபதேசியாரும் இருந்தார். "கவலைப்படாதே அம்மா, யோபுக்குக் கொடுத்ததுபோல் கர்த்தர் உனக்கும் இன்னொரு பிள்ளை கொடுப்பார்" என்று ஆறுதல் கூறினார். அன்று தலையசைத்த அம்மையார் இன்று அசைக்கவில்லை.

"கொடுக்கட்டும் ஐயா. இவனை ஏன் எடுத்தார் என்று நான் அவரிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.

உபதேசியார் வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் யாரும் பேசவில்லை.